வெலிங்டன் என்றால் எந்த வெலிங்டன்?

குன்னூர்க்காரன் எழுதியது:

போன வாரம் சேலத்திலிருந்து ஊர் திரும்பும்போது பக்கத்து இருக்கையில் திட்டக்குடிக்காரர் ஒருவர் உட்கார்ந்தார். "எந்த ஊர்?" என்று கேட்டார். "வெலிங்டன் பக்கம்" என்றேன். "அட, எங்கள் ஊரிலும் வெலிங்டன் இருக்கிறதே, ஏரி" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாட்டர்லூ போரில் நெப்போலியனைத் தோற்கடித்த பிரபுவின் பெயர்தான் உங்கள் ஏரிக்கும், எங்கள் ஊருக்கும், நியூசிலாந்தின் தலைநகருக்கும் என்று அவிநாசி வரும்வரை அளந்து தள்ளினேன். மனிதர் வாயைத் திறந்தபடி கேட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. அந்தப் பிரபு இறந்தது 1852இல். ஏரி அவ்வளவு பழையதா? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். பாவம், அந்த மனிதர் இந்நேரம் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார்.

வெள்ளாற்றங்கரை எழுதியது:

நான் அந்த ஊர்ப் பக்கம்தான். அந்தப் பயணி நான் இல்லை, பயப்படாதீர்கள். ஏரி கீழ்ச்செருவாயில் இருக்கிறது. தொழுதூர் அணைக்கட்டில் வெள்ளாற்றுத் தண்ணீரைத் திருப்பி, வாய்க்கால் வழியாகக் கொண்டுவந்து நிரப்புகிறார்கள். வெள்ளைக்காரன் கட்டியது என்பதுவரைதான் எங்களுக்குத் தெரியும். எந்த வெள்ளைக்காரன் என்று யாரும் கேட்டதில்லை. பஸ் பலகையிலும் செய்தித்தாளிலும் "வெலிங்டன்" என்றுதான் போடுகிறார்கள்.

ஆவணப்பூச்சி எழுதியது:

குன்னூர்க்காரரே, அந்தத் திட்டக்குடிக்காரரைத் தேடிக் கண்டுபிடித்து மன்னிப்புக் கேளுங்கள். ஏரியின் பெயர் வெலிங்டன் இல்லை, வில்லிங்டன். 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் வில்லிங்டன் பிரபு. ஏரி வேலை முடிந்தது அவர் காலத்தில். பிறகு அவர் வைசிராயாகவும் ஆனார். கொச்சித் துறைமுகத்தில் காயலைத் தூர்த்து உண்டாக்கிய வில்லிங்டன் தீவும் அவர் பெயரில்தான்.

நம் வாய்க்கு இரண்டும் ஒன்றுதான். எழுதியவர்கள் தெரிந்த பெயரை எழுதிவிட்டார்கள். வாட்டர்லூ வீரருக்கு ஓசியில் ஓர் ஏரி கிடைத்துவிட்டது.

குன்னூர்க்காரன் எழுதியது:

மானம் போயிற்று. ஆனாலும் எங்கள் வெலிங்டன் அசல்தானே? அதையும் பிடுங்கிவிடாதீர்கள்.

ஆவணப்பூச்சி எழுதியது:

அது அசல்தான். ஆனால் ஒரு விஷயம். வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லெஸ்லி இந்தியாவில் இருந்தது 1797 முதல் 1805 வரை. நீலகிரியில் கோயம்புத்தூர் கலெக்டர் சலிவன் வீடு கட்டி, வெள்ளைக்காரர்கள் குடியேறத் தொடங்கியது 1819க்குப் பிறகு. ஆகவே பிரபு உங்கள் மலையை மிதித்ததே இல்லை. பட்டாளத்துக்குப் பெரிய குடியிருப்பு கட்டும் வேலை 1852இல், அவர் இறந்த அதே ஆண்டில், தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில், டிரெவெலியன் சென்னை ஆளுநராக இருந்தபோது, அந்த இடத்துக்கு வெலிங்டன் பெயரைச் சூட்டினார்கள். ஓர் இரங்கல் கூட்டத் தீர்மானம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்பு அந்த இடத்துக்குப் பெயர் இல்லாமல் இருக்கவில்லை. ஆங்கிலேயக் காகிதங்களிலேயே ஜக்கதளா என்றுதான் வருகிறது.

ஹட்டிவீட்டுப் பெண் எழுதியது:

"என்றுதான் வருகிறது" என்று காகிதத்தைச் சாட்சிக்கு அழைக்கவே வேண்டாம், ஆவணப்பூச்சி ஐயா. ஜெகதளா இன்றும் இருக்கிறது. படுகர் ஹட்டி, அதாவது கிராமம். பேரூராட்சியே அந்தப் பெயரில் நடக்கிறது. எங்கள் பெரியம்மா அங்கே வாழ்க்கைப்பட்டவர்.

எங்களுக்குப் பெயர் போகவில்லை. வெள்ளைக்காரர்கள் ஊரின் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, அதற்கு வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். மலை ரயிலில் குன்னூரை விட்டதும் வெலிங்டன் நிலையம், அடுத்தது அருவங்காடு. ஜெகதளாவுக்கு நிலையம் கிடையாது. சிறு வயதில் விருந்தாளிகள் வந்தால் "வெலிங்டனில் இறங்கி வாருங்கள்" என்று சொல்லியனுப்புவோம். கடிதத்தில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். அதில் எங்களுக்குக் குழப்பமே வந்ததில்லை. குழப்பமெல்லாம் கீழேயிருந்து வருகிறவர்களுக்குத்தான்.

கேள்விக்கணை எழுதியது:

இவ்வளவு தெரிந்தும் ஏன் இன்னும் அந்தப் பெயரைச் சுமக்கிறோம்? திப்புவைக் கொன்ற படையில் வந்தவன். மலையை மிதிக்காதவன். ஜெகதளா என்று மாற்றிவிட வேண்டியதுதானே? பட்டாளக் குடியிருப்பை ஸ்ரீநாகேஷ் பாரக்ஸ் என்று மாற்ற முடிந்ததல்லவா?

முன்னாள்தம்பி எழுதியது:

கேள்விக்கணை தம்பி, நான் அந்த ஸ்ரீநாகேஷ் பாரக்ஸில்தான் பயிற்சி எடுத்தேன். மதராஸ் ரெஜிமெண்டின் மையம் அங்கேதான். பனிக்காலத்தில் விடியற்காலை ஓட்டம் என்றால் என்னவென்று அங்கே ஓடியவர்களைக் கேளுங்கள். ஸ்ரீநாகேஷ் பிற்காலத்தில் தரைப்படைத் தலைவரானவர்.

நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் சின்னம் யானை. தொப்பியில் யானையை வைத்துக்கொண்டு எத்தனையோ வருடம் திரிந்தேன். அது எங்கிருந்து வந்தது என்று எங்கள் சுபேதார் சாகிப் ஒரு மழை நாளில் சொன்னார். அன்றைக்கு அணிவகுப்பு ரத்து, இல்லாவிட்டால் கதை சொல்ல அவருக்கு நேரம் ஏது.

இடம் அசாயே, இன்றைய மகாராஷ்டிரத்தில் ஜால்னா மாவட்டம். 1803, செப்டம்பர் 23. அந்தப் பக்கம் சிந்தியாவும் நாக்பூர் போன்ஸ்லேயும் சேர்ந்த மராட்டியப் படை. பல பத்தாயிரம் பேர், நூறு பீரங்கிக்கு மேல், ஐரோப்பிய அதிகாரிகள் பழக்கிய காலாட்படை. இந்தப் பக்கம் வெல்லெஸ்லியிடம் ஏழாயிரம் பேர் சுமார். இன்னொரு படைப்பிரிவு வந்து சேர வேண்டியிருந்தது. அதற்குக் காத்திராமல் அடிக்க முடிவு செய்துவிட்டார்.

நடுவில் கைத்னா ஆறு. வழிகாட்டிகள் எல்லோரும் ஒரே வாக்காக, "கடக்க வேறு துறை இல்லை" என்றார்கள். அவர் தொலைநோக்கியில் பார்த்தார். ஆற்றின் இந்தக் கரையில் ஒரு கிராமம், அதற்கு நேர் எதிரே அந்தக் கரையில் ஒரு கிராமம். ஒருவரும் கடக்க முடியாத ஆற்றின் இரு கரையிலும் எதிரெதிரே ஊர் கட்டுவார்களா? கட்டாயம் துறை இருக்கும் என்று நினைத்தார். இருந்தது. படை கடந்தது. ஆற்றங்கரையில் பிறந்த எந்தப் பையனும் சொல்லக்கூடியதுதான், ஆனால் பீரங்கிக்கு எதிரே நின்று அதை யோசிக்க வேண்டுமல்லவா.

அதன் பிறகு நடந்தது கொலைக்களம். அவருடைய குதிரைகளில் ஒன்று சுடப்பட்டு விழுந்தது, இன்னொன்று ஈட்டிக் குத்து வாங்கியது. சண்டையில் இறங்கிய அவர் படையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செத்தோ காயப்பட்டோ போனார்கள். அவருடன் நின்றவர்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் இருந்தார்கள்தான். ஆனால் பெரும் எண்ணிக்கை மதராஸ் படைச் சிப்பாய்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். அந்த வெற்றிக்காகக் கொடுத்த அடையாளம்தான் யானை. வயதான காலத்தில், "நீங்கள் போர்க்களத்தில் செய்ததிலேயே சிறந்தது எது?" என்று கேட்டபோது வாட்டர்லூவைச் சொல்லாமல் அசாயே என்று ஒரே சொல்லில் முடித்தாராம்.

ஆகவே அவர் பெயர் ஊரில் இருக்கட்டும், போகட்டும், எனக்குக் கவலையில்லை. யானையைத் தொட்டால்தான் சண்டை.

கேள்விக்கணை எழுதியது:

ஐயா, யானையைத் தொட மாட்டேன். ஆனால் அந்தச் சிப்பாய்களில் ஒருவர் பெயராவது எங்காவது ஒரு தெருவுக்கு இருக்கிறதா?

முன்னாள்தம்பி எழுதியது:

இல்லை. அதற்குத்தான் யானை என்று வைத்துக்கொள்.

ஆவணப்பூச்சி எழுதியது:

"திப்புவைக் கொன்ற படையில் வந்தவன்" என்று கேள்விக்கணை எழுதியதைச் சற்று விரிக்கிறேன்.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் கர்னல் வெல்லெஸ்லி இருந்தார். ஆனால் அவருக்கு அங்கே முதலில் கிடைத்தது அடி. ஏப்ரல் மாதம், சுல்தான்பேட்டைத் தோப்பில் இரவில் புகுந்து, இருட்டில் வழிதவறி, ஆட்களைப் பறிகொடுத்துத் திரும்பினார். மே 4இல் கோட்டைச் சுவர் உடைந்த இடத்தில் முன்னின்று ஏறியவர் பேர்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர். வெல்லெஸ்லி அன்று பின்னணிப் படையோடு இருந்தார்.

பேர்டுக்கு அந்தக் கோட்டையில் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1780இல் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் கம்பெனிப் படையை நசுக்கினார்கள் அல்லவா, அங்கே பிடிபட்டு அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆண்டுக்கணக்கில் விலங்கோடு கிடந்தவர். அப்படிப்பட்டவர் ஏறிப் பிடித்த கோட்டைக்கு மறுநாளே பொறுப்பாளராக யாரை நியமித்தார்கள்? வெல்லெஸ்லியை. கவர்னர் ஜெனரலாக அப்போது சென்னையில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய அண்ணன் ரிச்சர்ட். பேர்ட் கொதித்துப் போனார். யார்தான் கொதிக்க மாட்டார்கள்?

வெல்லெஸ்லி அங்கே தங்கியது திப்புவின் கோடை மாளிகையான தரியா தௌலத்தில். அதன் சுவரில் புள்ளலூர்ப் போரை வரைந்திருக்கிறார்கள். ஆங்கிலேயர் சதுரம் கட்டி நின்று சாகிற காட்சி. அந்த ஓவியம் அழியத் தொடங்கியிருந்தது, அதைத் திருத்தி வரையச் சொன்னவர் வெல்லெஸ்லியே என்கிறார்கள். தன் நாட்டின் தோல்வியை வீட்டுச் சுவரில் பழுதுபார்த்து வைத்துக்கொண்டவர் என்ற வகையில் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. அண்ணன் தயவில் பதவி பெற்றவர் என்ற வகையில் அது குறைந்தும் போகிறது.

இப்போது பெயர் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிமேல் வெல்லெஸ்லி பாலம் என்று ஒரு கல்பாலம் இருக்கிறது. திவான் பூர்ணையா 1804இல் கட்டி முடித்தது. பார்க்கிறவர்கள் எல்லோரும் வாட்டர்லூக்காரரின் பெயர் என்று நினைக்கிறார்கள். அது அண்ணன் பெயர். தம்பி ஆண்ட ஊரில்கூடப் பாலம் அண்ணனுக்குத்தான்.

பட்டர்வொர்த்தான் எழுதியது:

அண்ணன் கதைக்கு இங்கிருந்தும் சாட்சி. பினாங்குத் தீவுக்கு எதிரே நாங்கள் இருக்கும் கரைக்கு இப்போது செபராங் பிறை என்று பெயர். என் அப்பா காலத்து அடையாளக் காகிதங்களில் புரொவின்ஸ் வெல்லெஸ்லி. கெடா சுல்தானிடமிருந்து 1800இல் கம்பெனி வாங்கியபோது கவர்னர் ஜெனரல் ரிச்சர்ட் வெல்லெஸ்லியின் பெயரை வைத்தார்கள். முதலில் கரும்பு, பிறகு ரப்பர். இரண்டுக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். எங்கள் பாட்டனாரும் அப்படி வந்தவர்தான்.

வேடிக்கை என்னவென்றால், தம்பி ஆர்தர் இங்கே நேரில் வந்திருக்கிறார். 1797இல் மணிலாவைத் தாக்கக் கப்பலேறிய படையோடு பினாங்குவரை வந்து, திட்டம் கைவிடப்பட்டுத் திரும்பிப் போனார். வந்தவருக்கு இந்தக் கரையில் பெயரில்லை, வராத அண்ணனுக்கு ஒரு மாகாணமே எழுதிவைத்தார்கள். நீலகிரியில் வராத தம்பிக்குப் பெயர் கிடைத்திருக்கிறது.

தேயிலைக்கணக்கு எழுதியது:

ஆளை நேரே தொட்ட பொருள் ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லையே. பூட்ஸ்.

எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மழைக்காலம் தொடங்கும் முன் ஆளுக்கு ஒரு ஜோடி "கம்பூட்" கொடுத்துக் கையெழுத்து வாங்குவது என் வேலை. எங்களுக்கு அது கம்பூட்தான். அட்டைக்கும் சேற்றுக்கும் அதைவிட்டால் கதியில்லை. இங்கிலாந்தில் அதன் பெயர் வெலிங்டன் என்று பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன். வெலிங்டனுக்குப் பக்கத்துத் தோட்டத்திலேயே இருந்துகொண்டு!

தேடிப் படித்ததைச் சொல்கிறேன். அப்போது இராணுவ அதிகாரிகள் முழங்கால்வரை ஏறிய ஹெஸியன் பூட்ஸ் போட்டார்கள், மேலே குஞ்சம் தொங்கும். அதோடு இறுக்கமான அரைக்கால் உடை. பிறகு முழு நீளக் கால்சட்டை வழக்கத்துக்கு வந்தது. குஞ்சம் வைத்த பூட்ஸ்மேல் அது படியவில்லை. லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் ஹோபி என்ற செருப்புத் தைப்பவரிடம் வெலிங்டன் சொல்லி, குஞ்சத்தை எடுத்துவிட்டு, காலோடு ஒட்டினாற்போல் மெல்லிய கன்றுத் தோலில், குதிகால் தாழ்வாகத் தைத்து வாங்கினார். குதிரைமேலும் போடலாம், மாலையில் விருந்துக்கும் போடலாம். ஊரே அதைப் பார்த்துத் தைத்துக்கொண்டது.

ரப்பர் வந்தது பிற்பாடு. ரப்பரைக் கந்தகம் சேர்த்துக் காய்ச்சிப் பதப்படுத்தும் குட்இயரின் முறைக்கு உரிமை வாங்கி, ஹட்சின்சன் என்ற அமெரிக்கர் 1853இல் பிரான்சில் தொழிற்சாலை வைத்தார். நெப்போலியன் நாட்டு விவசாயிகள் வெலிங்டன் பூட்ஸ் போட்டு வயலில் இறங்கினார்கள். முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சேற்றில் கால் அழுகாமல் இருக்க, எடின்பரோவில் ஒரு கம்பெனி மட்டும் பதினொரு லட்சம் ஜோடிக்கு மேல் செய்து அனுப்பியது. இப்போது என் கணக்குப் புத்தகம்வரை வந்து நிற்கிறது.

குன்னூர்க்காரன் எழுதியது:

அப்படியானால் அவரே கேட்டு, அளவு கொடுத்து, காசு கொடுத்து வாங்கியது அந்த ஒரு பொருள்தானா?

தேயிலைக்கணக்கு எழுதியது:

நான் பார்த்தவரை அதுதான். மற்றதெல்லாம் மற்றவர்கள் ஒட்டியது.

பனியன்நகரம் எழுதியது:

திருப்பூரிலிருந்து ஒரு சொல். எங்களுக்கு வெலிங்டன் தெரியாது, ராக்லன் தெரியும். தோள்பட்டையில் தையல் இல்லாமல் கழுத்திலிருந்து அக்குள்வரை சாய்வாக வருகிற கைக்கு ராக்லன் கை என்பார்கள். ஏற்றுமதி ஆர்டரில் வாரத்துக்கு ஒருமுறை வரும். அதுவும் ஒரு பிரபுவின் பெயர் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

ஆவணப்பூச்சி எழுதியது:

உண்மை. அதுவும் இதே வட்டம். ராக்லன் பிரபு வெலிங்டனின் செயலாளராக இருந்தவர், அவருடைய அண்ணன் மகளைக் கட்டியவர். வாட்டர்லூவில் வலக்கையை இழந்தார். வெட்டி எடுத்துக்கொண்டு போனவரைக் கூப்பிட்டு, "அந்தக் கையைக் கொண்டு வா, என் மனைவி கொடுத்த மோதிரம் அதில் இருக்கிறது" என்றாராம். கை இல்லாதவருக்குத் தோதாக வெட்டிய மேலங்கி என்பதால் அந்தப் பெயர் என்கிறார்கள்.

கிரிமியப் போரில் அவர் தலைமைத் தளபதி. அவருக்குக் கீழே குதிரைப்படையோடு பாய்ந்த கார்டிகன் பிரபுவின் பெயர், முன்னால் பித்தான் வைத்த கம்பளிச் சட்டைக்கு. போர் நடந்த பாலக்லாவா என்ற ஊரின் பெயர் குரங்குக் குல்லாவுக்கு. ஆக ஒரு போரில் உங்கள் ஊருக்கு மூன்று ஆர்டர்.

பனியன்நகரம் எழுதியது:

கையில்லாதவர் பெயரிலா நாங்கள் கை தைக்கிறோம்? கட்டிங் மாஸ்டரிடம் சொன்னேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அடுப்படி எழுதியது:

பீஃப் வெலிங்டனை யாரும் தொடவில்லையே. மாட்டிறைச்சியின் மென்மையான பகுதியை முழுசாக எடுத்து, காளான் மசியல் பூசி, மாவுத் தாளில் பொதிந்து அடுப்பில் சுடுவது. பிரபுவுக்குப் பிடித்த உணவு என்று ஹோட்டல் மெனுவில் கதை எழுதியிருப்பார்கள். நம்பாதீர்கள். அவர் வாழ்ந்த காலத்துச் சமையல் புத்தகங்களில் அந்தப் பெயரே இல்லை. இருபதாம் நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வருகிறது. போதாக்குறைக்கு, அவர் சாப்பாட்டில் ருசி பார்க்காத மனிதர் என்பது ஊரறிந்த விஷயம். எதை வைத்தாலும் ஒரே முகத்தோடு சாப்பிடுகிறார் என்று மனம் நொந்து ஒரு சமையல்காரர் வேலையை விட்டுப் போனதாகக்கூடக் கதை இருக்கிறது. அப்படிப்பட்டவர் பெயரில் உலகத்திலேயே பக்குவம் தவறினால் பாழாகிப் போகிற ஒரு பண்டம். நான் மூன்று முறை முயன்று மூன்று முறையும் அடி மாவு நனைந்து போயிற்று.

செடிகொடி எழுதியது:

மரமும் உண்டு. கலிபோர்னியாவின் இராட்சத செக்வோயா மரத்தின் விதையை வில்லியம் லாப் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்ததும், லிண்ட்லி என்ற தாவரவியலார் 1853 கடைசியில் அதற்கு வெலிங்டோனியா என்று பெயர் சூட்டினார். உலகத்தின் மிகப் பெரிய மரத்துக்கு அப்போதுதான் இறந்த மிகப் பெரிய வீரரின் பெயர் என்று நியாயம் சொன்னார். அமெரிக்கர்களுக்கு எரிந்தது. எங்கள் மண்ணின் மரத்துக்கு இங்கிலீஷ் தளபதி பெயரா, வாஷிங்டன் பெயரை வைப்போம் என்று கிளம்பினார்கள்.

இரண்டும் நிற்கவில்லை. வெலிங்டோனியா என்ற பேரினப் பெயரை 1840இலேயே வேறொரு செடிக்கு வைத்துவிட்டிருந்தார்கள். ஒரே பெயரை இரண்டு பேரினத்துக்கு வைக்கக் கூடாது என்பது எங்கள் துறையின் சட்டம். கடைசியில் 1939இல் வைத்த செக்வோயாடென்ட்ரான் என்ற பெயர் நிலைத்தது. ஆனாலும் இங்கிலாந்துக்காரர்கள் இன்றுவரை வெலிங்டோனியா என்றுதான் சொல்கிறார்கள். திட்டக்குடி ஏரி மாதிரிதான், சட்டப்படி தவறு, வழக்கப்படி சரி.

இறக்கை எழுதியது:

குண்டுவீச்சு விமானமும் இருந்தது. 1936இல் முதலில் பறந்தது. பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்தார், உள்ளே கூடை பின்னினாற்போல் உலோகச் சட்டம், மேலே துணி. உடம்பில் பெரிய பெரிய ஓட்டை விழுந்தாலும் பறந்து திரும்பியது. 11,400க்கு மேல் செய்தார்கள். ஆனால் விமானிகள் வெலிங்டன் என்று சொல்வதில்லை. பாப்பாய் கேலிச்சித்திரத்தில் எப்போதும் பர்கர் தின்னும் ஒரு குண்டன் வருவான், அவன் முழுப்பெயர் ஜே. வெலிங்டன் விம்பி. அதனால் விமானத்துக்கு "விம்பி" என்று செல்லப்பெயர். பிரபுவின் பெயர் வானத்துக்குப் போய் பர்கர்க்காரனிடம் தோற்றது.

காற்றடிக்கும்ஊர் எழுதியது:

வணக்கம். அந்த இன்னொரு வெலிங்டனிலிருந்து எழுதுகிறேன். குடை வாங்காதீர்கள் என்பதுதான் இங்கே புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்லும் முதல் அறிவுரை. காற்று மடக்கிவிடும்.

இந்த நகரத்துக்கு அவர் பெயர் வந்தது நன்றிக்கடனாக. வேக்ஃபீல்ட் என்பவர் ஆஸ்திரேலியாவில் குடியேற்றத் திட்டம் போட்டபோது, 1834இல் அதற்கான சட்டம் பிரபுக்கள் சபையில் நிறைவேற வெலிங்டன் துணை நின்றார். தெற்கு ஆஸ்திரேலியத் தலைநகருக்கு அவர் பெயரை வைப்பதாகப் பேச்சு. கடைசியில் அரசி அடிலெய்டின் பெயரை வைத்துவிட்டார்கள். அந்தக் கடனை 1840இல் வேக்ஃபீல்டின் கம்பெனி இங்கே தீர்த்தது. இவரும் இந்தப் பக்கம் வந்ததே கிடையாது. மாவோரிகள் இந்தத் துறைமுகத்தைத் தே வாங்கனுயி-ஆ-தாரா என்பார்கள், தாராவின் பெரிய துறைமுகம் என்று பொருள். இப்போது பலகைகளில் இரண்டு பெயரும் வருகின்றன. வெலிங்டன் பூட்ஸை வெலிங்டனில் யாரும் வெலிங்டன் என்பதில்லை. இங்கேயும் கம்பூட்தான், தேயிலைக்கணக்கு அண்ணா.

இன்னொன்று. இங்கே தே பாப்பா அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கல மணி இருக்கிறது. கப்பல் மணியின் உடைந்த மேல்பாதி. கொலென்ஸோ என்ற பாதிரியார் 1836 வாக்கில் அதைப் பார்த்தபோது மாவோரிகள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். அதன் விளிம்பைச் சுற்றித் தமிழ் எழுத்து. முகையதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று பொருள்படும் வாசகம். எப்படி வந்தது, கப்பல் என்னவாயிற்று, ஒன்றும் தெரியவில்லை. நான் மாதத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்ப்பேன். வெலிங்டன் என்று பெயர்கொண்ட ஊரில், தன் பொருளில் தானே பெயர் வெட்டி வைத்துக்கொண்ட ஒரு மரைக்காயரின் மணி.

ஹட்டிவீட்டுப் பெண் எழுதியது:

அடுத்த முறை போகும்போது எனக்காகவும் பாருங்கள்.

கேள்விக்கணை எழுதியது:

எல்லாம் சரி. நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. மாற்றலாமா, கூடாதா? தாஸ்மேனியாவில் மவுண்ட் வெலிங்டனுக்கு 2013 முதல் குனான்யி என்ற பழைய பெயரையும் சேர்த்துவிட்டார்கள். நமக்கு என்ன தடை?

ஆவணப்பூச்சி எழுதியது:

எனக்கு எதிர்ப்பில்லை. ஆனால் யாருடைய பெயரை நீக்குகிறோம் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. அந்தப் பெயர் அவருடையதே இல்லை.

அவர் பிறந்தது 1769இல், அயர்லாந்தில். குடும்பப் பெயர் வெஸ்லி. அண்ணன் 1798இல் அதை வெல்லெஸ்லி என்று நீட்டினார். 1809இல் ஸ்பெயினில் தலவேரா சண்டை வென்றதும் அரசர் பட்டம் தர முன்வந்தார். எந்த ஊரின் பிரபு என்று சொல்ல வேண்டும். மனிதர் போர்க்களத்தில் இருக்கிறார், கேட்க நேரமில்லை. இன்னொரு அண்ணன் வில்லியம் வரைபடத்தைப் பார்த்து, குடும்பப் பெயர் போலவே ஒலிக்கிறதே என்று சோமர்செட்டில் உள்ள வெலிங்டன் என்ற சிற்றூரைத் தேர்ந்தெடுத்தார். அதாவது நியூசிலாந்துத் தலைநகர், உங்கள் ரயில் நிலையம், விமானம், மரம், பூட்ஸ் எல்லாவற்றுக்கும் மூலம் ஒரு சிற்றூரின் பெயரும் ஓர் அண்ணனின் காது ஒலியும்.

கேள்விக்கணை எழுதியது:

எத்தனை அண்ணன்கள் இவருக்கு! ஒருவர் பதவி கொடுக்கிறார், ஒருவர் பெயர் கொடுக்கிறார்.

அடுப்படி எழுதியது:

தனக்கென்று ஒரு பட்டப்பெயராவது சம்பாதித்தார். இரும்புப் பிரபு. வாக்குரிமைச் சீர்திருத்தத்துக்கு முட்டுக்கட்டை போட்டதால் 1831இல் கூட்டம் அவர் வீட்டுச் சன்னல்களை உடைத்தது. அப்போது அவர் மனைவி இறந்து, உடல் உள்ளே கிடந்தது. பிறகு சன்னல்களுக்கு இரும்புக் கதவு போட்டார். அதிலிருந்துதான் அந்தப் பெயர் என்பார்கள். போர்க்கள வீரத்துக்குக் கிடைத்தது என்று நினைத்திருந்தேன்.

பட்டர்வொர்த்தான் எழுதியது:

கிளாஸ்கோவில் அவருக்குக் குதிரைமேல் ஒரு சிலை இருக்கிறது. அங்கே படித்த காலத்தில் தினமும் அதைத் தாண்டிப் போவேன். தலையில் எப்போதும் சாலையில் வைக்கும் ஆரஞ்சு நிறக் கூம்பு. இரவில் யாரோ ஏறிக் கவிழ்த்துவிடுவார்கள். நகராட்சி எடுத்துவிட்டால் மறுநாள் இன்னொன்று. 2013இல் பீடத்தை உயர்த்தி அதைத் தடுக்கப் பார்த்தார்கள். கூம்பைக் காப்பாற்ற ஊரே திரண்டு எதிர்த்ததில் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

ஹட்டிவீட்டுப் பெண் எழுதியது:

கேள்விக்கணைக்கு நான் பதில் சொல்கிறேன், ஊர்க்காரி என்ற உரிமையில். நிலையத்தின் பெயரை மாற்றினால் மகிழ்ச்சி. மாற்றாவிட்டால் உறங்காமல் இருக்கப் போவதில்லை. ஆனால் ஒன்று கேட்பேன். நிலையத்தில் ஒரு சிறிய பலகை, "இது ஜெகதளா நிலம்" என்று. பெரியம்மா ரயிலிறங்கும்போது அதைப் படிக்க வேண்டும். அவருக்கு வயது எண்பத்திரண்டு, ஆகவே சீக்கிரம்.

கேள்விக்கணை எழுதியது:

மனு எழுதித் தருகிறேன் அக்கா. கையெழுத்து வாங்குவது உங்கள் பொறுப்பு.

முன்னாள்தம்பி எழுதியது:

முதல் கையெழுத்து என்னுடையது.

வெள்ளாற்றங்கரை எழுதியது:

தாமதமாக வருகிறேன். நேற்றிரவு இந்த இழை முழுவதையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நம் ஏரிக்குப் பெயர் வெலிங்டன் இல்லை அப்பா, வில்லிங்டன், அவர் வேறு இவர் வேறு, என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்கே இத்தனை படித்தவர்கள் இருக்கிறார்களே, தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று கேட்டாயா?" என்றார்.

குன்னூர்க்காரன் எழுதியது:

எப்போது திறப்பார்களாம்?

வெள்ளாற்றங்கரை எழுதியது:

தொழுதூரில் இன்னும் வெள்ளம் வரவில்லை.